வலப்பக்கம் விழுந்த முந்தானை

புதிதாகக் கேமரா தூக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படத்தை யாராவது சுட்டுவிட்டார்களா என்று நெட்டில் தேடும்போது, அதை இடவலமாகத் திருப்பிப் போட்டும் தேடுங்கள். நான் தேடவில்லை.

குமாரபாளையத்தில் ஒரு சேலை வியாபாரிக்கு கேட்லாக் எடுத்துக் கொடுத்தேன். மாடலெல்லாம் கிடையாது. அவருடைய அக்கா மகளே கட்டிக்கொண்டு நின்றாள். படங்கள் நெட்டில் ஏறியதும் திருட்டு ஆரம்பித்தது. பியூட்டி பார்லர், முடி எண்ணெய் என்று கண்ட விளம்பரத்திலும் அவள் முகம். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் புகார் போட்டு எடுக்க வைத்தேன். சனியன் ஒழிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு விவசாயி திருச்செங்கோட்டில் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத புதுச் சட்டை. பெண் வீட்டுக்கு அனுப்ப மாப்பிள்ளை போட்டோ வேண்டுமாம். எடுத்து முடித்ததும் வெட்கத்தோடு செல்போனை நீட்டினார்.

“பொண்ணு இதுதானுங்க. புரோக்கர் குரூப்புல வந்துச்சு. நெட்டுல கல்யாண வெப்சைட்டுலயும் போட்டிருக்காங்க. வேலை, சொத்துன்னு ஒரு டிமாண்டும் இல்லீங்களாம்.”

சேலை வியாபாரியின் அக்கா மகள். நான் எடுத்த படம். எவனோ படுபாவி திருப்பிப் போட்டிருந்தான். அதனால்தான் என் தேடலில் சிக்கவில்லை.

“முந்தானை வலப்பக்கம் கெடக்குதே, பார்த்தீங்களா?” என்றேன்.

“எங்கம்மா மொதல்லயே கேட்டுச்சுங்க, வடக்கத்திப் பொண்ணான்னு. அப்புறம் அதுவே சொல்லிருச்சு, எந்தப் பக்கம் போட்டா என்ன சாமி, ஊட்டுக்கு வந்தாப் போதும்னு.”

கம்ப்யூட்டரில் ஒரிஜினலைத் திறந்து காட்டினேன். இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது என்றும் சொன்னேன். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, இவங்களுக்குத் தங்கச்சி யாராச்சும் இருப்பாங்களோ?”

“இல்லீங்க. படத்தைத் திருடிப் போட்டிருக்கானுங்க.”

நான் கேட்கும் முன்பே செல்போனிலிருந்து படத்தை அழித்தார். வாசல் வரை போனவர் திரும்பி, “என்ற போட்டோவையும் அழிச்சுருங்க. அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றதுன்னு தெரியலீங்க” என்றார். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

அன்றே அந்தக் கல்யாணத் தளத்துக்குப் புகார் போட்டேன். சில நாளில் படம் போய்விட்டது. சரிபார்க்கத் திறந்தால், அதே பெயர், அதே ‘டிமாண்ட் இல்லை’, வேறொரு பெண்ணின் முகம். அவள் யார் வீட்டுப் பிள்ளையோ, யார் எடுத்த படமோ.

மறுபடியும் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். ‘இந்தப் படம் உங்களுடையதா?’ என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். உரிமையாளர் மட்டுமே புகார் செய்யலாம் என்று சொல்லி மூடிக்கொண்டது.