கால்கட்டாக வந்த பெண்

பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றே அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும் பெற்றோரைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படிக் கிளம்பியவர்கள் கண்டுபிடித்த பெண் நான்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம். சோமனூர் பக்கம் என் அத்தைக்குப் பருத்திக்காடு இருந்தது. அத்தையின் மூத்த மகன் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொன்னார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே மாமா பஸ் ஏறி, காரமடையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒரு கால்கட்டுப் போட்டுட்டாப் பையன் அடங்கிருவானுங்க மச்சான்" என்றார்.

"நம்ம பொண்ணு இருக்கறப்ப வெளியில எதுக்குங்க தேடோணும்?" என்றார் அப்பா. கூடப்பிறந்தவள் வீட்டுக்கு இல்லை என்று சொன்னால் அவருடைய கௌரவம் என்ன ஆகும்? அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.

வைகாசியில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் வந்து, சீர்களை ஒன்று விடாமல் செய்துவைத்தார். "இனி அவனைப் புடிச்சு வெக்கறது உன்ற சாமர்த்தியம் அம்மிணி" என்றார் அத்தை. பெற்று வளர்த்தவர்களால் முடியாததை நேற்று வந்தவள் முடிக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பேச்சுதான் இல்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கட்டுப் போட்டவர்களே நல்ல நேரம் பார்த்து, புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, அந்தக் கட்டை அவிழ்த்து அனுப்பினார்கள். இந்த ஒரு வருஷம் வழக்கத்தைத் தள்ளிவைப்போமே என்று இரண்டு வீட்டிலும் யாரும் யோசிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் நன்றாக யோசித்தார்கள்.

ஆடி நோம்பிக்கு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்திருந்தோம். அம்மா ஒப்புட்டும் கச்சாயமும் சுட்டு வைத்தாள். அவர் வரவில்லை. காட்டில் வேலை இருக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டார். அங்கே அத்தையோ, மகன் மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். விருந்துக்குப் போன மகனைத் தேடிப் போனால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. வராத மாப்பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்டால் எங்களுக்கு மரியாதைக் குறைவு. ஒப்புட்டு ஊசிப்போன பிறகுதான் மாமா வந்து, "ஏனுங்க, பையன் எங்கீங்க?" என்று கேட்டார். அதற்குள் என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் ஓடிக் காட்டி, நெஞ்சளவு கொடுத்து, ரயிலும் ஏறிவிட்டிருந்தார்.

"நீ இருந்த லட்சணத்துலதான் அவன் போயிப்போட்டான்" என்றார் அத்தை. அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. புருஷன் இல்லாத வீட்டில் பருத்தி எடுக்கவும் தண்ணீர் இறைக்கவும் நான் இருந்தேன்.

முதல் லீவில் அவர் வந்தபோது, எதற்குப் போனீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"முன்னாலயே யாராச்சும் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். இந்த ஊட்டுல என்னைய யாரு கேட்டா?"

"அப்பறம் எதுக்குங்க என்னையக் கட்டுனீங்க?"

"உன்னைய மட்டும் கேட்டுட்டா கட்டுனாங்க?" என்றார். துப்பாக்கி தூக்கப் போன மனிதருக்கு, அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

அவர் லீவு முடிந்து போன பின், கொழுந்தனும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று அதே பேச்சை எடுத்தான். மாமா வெற்றிலை பாக்குத் தட்டோடு கிளம்பினார். என் தங்கையைக் கேட்க. எங்கள் வீட்டில் எனக்கிருக்கும் செல்வாக்கு உதவும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். பட்டும் திருந்தவில்லை பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்த நல்ல நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். கொழுந்தன் தூணோரமாக நின்றான். உள்ளே தங்கைக்கு அம்மா தலைவாரிக்கொண்டிருந்தாள். அப்பா, "முறை இருக்குதுங்களே" என்று ஆரம்பித்துவிட்டார். இன்னும் இரண்டு வார்த்தை போனால் தட்டு கை மாறிவிடும்.

"தம்பி, நீங்க எதுக்குப் பட்டாளத்துக்குப் போறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அவன் மாமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். "அண்ணன் லீவுல வந்தப்ப அப்பா சேர் எடுத்துப் போட்டாருங்க அண்ணி. நான் இதுவரைக்கும் அவரு முன்னால உக்காந்ததே இல்லீங்க."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அதுக்கு என்ற தங்கச்சி எதுக்குங்க? எந்திரிச்சு அந்தச் சேரைத் தம்பிக்குக் குடுங்க" என்றேன்.

மாமா எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தார். கொழுந்தன் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தான். உட்காராமலே அவர் பின்னால் போனான்.

அடுத்த மாதமே அவனும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். என் தங்கை தப்பித்தாள்.