எண் இல்லாத தங்க வாட்சு

கன்னையன் மாமாவின் வாட்சைப் போல ஒரு வாட்சு இந்த உலகத்தில் கிடையாது. அது ஓடினால்தான் சூரியன் கிழக்கே எழும்பும். ஈரோட்டிலிருந்து வருகிற ரயில் ஊத்துக்குளி தாண்டியதும் மெதுவாகி, மாமாவின் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திருப்பூருக்குள் நுழையும். ராக்கெட்டு விடுகிற நாடுகளெல்லாம் முதல் நாள் மாமாவுக்குத் தந்தி அடித்து மணி கேட்கின்றன என்று நான் சத்தியம் செய்தால், எங்கள் சலவைப் பட்டறையில் பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர் என்னை அடிப்பார்கள்.

மாமா எனக்குச் சொந்தமில்லை. பட்டறையில் எல்லாருக்கும் அவர் மாமாதான். நொய்யல் கரையில் பனியன் துணியை வெளுக்கிற பட்டறை எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிய பிறகு, வெளுத்த துணியைக் காயப்போடும் வேலைக்கு அங்கே வந்தேன். மாமா அதற்குள் பதினெட்டு வருஷம் பிளீச்சிங் பவுடர் தொட்டியில் நின்றிருந்தார். கறுத்த மனிதர். விரல் நுனிகள் மட்டும் பனியன் மாதிரி வெளுத்திருக்கும்.

பவுடர் தண்ணீரில் துணி ஊறுவதற்கு ஒரு நேரம் உண்டு. முந்தி எடுத்தால் மஞ்சள் போகாது. பிந்தி எடுத்தால் விரலை விட்டாலே கிழியும். மாமா அந்த நேரத்தை வெற்றிலையால் அளந்தார். துணி உள்ளே போனதும் ஒரு வாய் வெற்றிலை போடுவார். அது சக்கையானதும் துப்பிவிட்டு அடுத்தது. மூன்றாம் வாய் சக்கையானால் "எடுங்கடா" என்பார். அத்தனை வருஷத்திலும் ஒரு துணிகூட நைந்ததில்லை.

நைந்தது அவருடைய கால்தான். முழங்காலுக்குக் கீழே புண் ஆறவே இல்லை. இன்னொரு மழைக்காலம் தொட்டியில் நின்றால் காலில் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். தப்பிக்க ஒரே வழி மேஸ்திரி ஆவது. மேஸ்திரி கரையில் நின்று நேரம் சொன்னால் போதும், தண்ணீரில் இறங்க வேண்டாம். பழைய மேஸ்திரி செத்துப்போய் அந்த இடம் காலியாக இருந்தது. மாமாவுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஆனிக் கடைசியில் முதலாளி ஆறுமுகசாமி தொட்டி மேட்டில் வந்து நின்றார்.

"இனி வெத்தலைக் கணக்கெல்லாம் ஆகாதப்பா. துணி வாங்குற கல்கத்தாக்காரன் மணிக்கணக்குக் கேக்குறான். கையில வாட்சு கட்டி மணி பாத்துச் சொல்றவன் எவனோ அவந்தான் மேஸ்திரி. ஐப்பசி ஒண்ணாந்தேதி பாத்து வெச்சர்றேன்."

"ஏனுங்க முதலாளி, என்ற கையில ஒரு துணி நைஞ்சிருக்குதுங்களா?" என்றார் மாமா.

"நான் இல்லைங்கலையே கன்னையா. வர்றவனுக்கு உன்ற வாயத் தெறந்து வெத்தலையக் காட்டச் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார், வாயை மூடிக்கொண்டு.

பக்கத்துத் தொட்டி நல்லானுக்குக் கவலையில்லை. அவன் மச்சான் பெங்களூரில் இருந்தான். அங்கே புதிதாகச் செய்து விடுகிற எச்.எம்.டி. வாட்சுக்குப் பெயர் பதிந்து, ஆடி முடிவதற்குள் ஒன்றை அனுப்பிவிட்டான். வெள்ளை முகம், கறுப்பு எண்கள். நல்லான் அதை மணிக்கு நாலு தடவை காதில் வைத்துப் பார்த்தான். மாமாவுக்குப் பெங்களூரில் யாரும் இல்லை.

ஆனால் முருகன் இருந்தார். குன்றின் மேல் உள்ள கோயிலில், உண்டியலில் விழுந்த சாமான்களை ஆடிக் கிருத்திகைக்கு ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் ஒரு தங்க நிற வாட்சு விழுந்திருந்தது. சுவிட்சர்லாந்து சரக்கு என்று கோயில் எழுத்தர் சொன்னார். யார் போட்டார்கள், எந்தப் பாவத்துக்குப் போட்டார்கள் என்று தெரியாது. எண்களே இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகள். முள் இரண்டும் ஊசி மாதிரி.

மாமா தொண்ணூறு ரூபாயை மடியில் முடிந்துகொண்டு, சம்சாரம் மயிலாளோடு மலையேறினார். நானும் போயிருந்தேன், பொங்கல் வாங்கித் தின்பதற்காக.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சாமி சாமானுக்கு முதல் வாய் திறந்தவன் அதை அடுத்தவனுக்கு விடக்கூடாது. விட்டால் அந்த வருஷம் ஊட்டுக்கு ஆகாது. மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு முதல் ஆளாக "அம்பது" என்றார். கூட்டத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. எழுத்தர் "ஒரு தரம்" என்றார்.

அவ்வளவு சுலபமாக ஒரு மனிதருக்கு நல்லது நடந்தால் எனக்குத் தாங்காது. தூணுக்குப் பின்னால் நின்று, துண்டை வாயில் வைத்து, யாரோ பெரிய பண்ணையக்காரர் குரலில் "அறுபது" என்றேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். தூண்தான் தெரிந்தது. "எழுவது" என்றார். நான் எண்பது. அவர் தொண்ணூறு. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கழுத்து நரம்பு புடைப்பது தூணிலிருந்தே தெரிந்தது. அது பார்க்க நன்றாக இருந்தது. "நூறு" என்றேன்.

மாமா மயிலாள் அத்தையைப் பார்த்தார். "உட்ராதீங்க," என்றது அத்தை. "வாயத் தெறந்தாச்சு."

நூற்று நாற்பத்தைந்தில் விட்டேன். என் மடியில் அப்போது ஆறணா இருந்தது. அத்தை அங்கேயே கம்மலைக் கழற்றியது. சேவூர் தானிய வியாபாரி ஒருவர் உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, குறைந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார். அன்று பொங்கல் எனக்கு இறங்கவில்லை. அதிக நெய் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து மாமா இடது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி தொட்டியில் நின்றார், வாட்சில் பவுடர் படக்கூடாதென்று. சாமி வரம் கொடுப்பது போல இருக்கும். நாங்கள் வரிசையாகப் போய்க் கும்பிடுவோம்.

"மாமா, மணி என்னங்க?"

வாட்சை வெகுநேரம் பார்ப்பார். "பத்தே கால் கண்ணு." கால் மணி கழித்து இன்னொருத்தன் கேட்பான். சொல்வார். ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்டோம். அறுபதுக்கும் அவர் சலிக்கவில்லை. சொன்ன மணி தப்பவும் இல்லை.

அதுதான் எனக்கு உறுத்தியது. பார்ப்பதற்கு முன்னால் அவர் கண் ஒரு தடவை காயப்போடும் கம்பங்களின் நிழலுக்குப் போய்வந்தது. ஒரு நாள் அவர் கை கழுவும்போது வாட்சைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். நான் சாவியை இழுத்து, முள்ளைக் கண்டபடி சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். மில் சங்கு பன்னிரண்டுக்கு ஊதி ஓய்ந்தது. மாமா வாட்சைக் கட்டிக்கொண்டார்.

"மணி என்னங்க மாமா?"

வாட்சை நன்றாகப் பார்த்தார். "பன்னண்டு அடிச்சு அஞ்சு நிமிசம்."

ஆக, மாமாவுக்கு வாட்சு பார்க்கத் தெரியாது. பொண்டாட்டி காதைக் கொடுத்து வாங்கிய வாட்சு, அவருக்கு ஒரு வளையல். அந்த ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கமர்கட்டு மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சப்பினேன்.

ஐப்பசி ஒன்றாம் தேதி வானம் அடுப்புச் சட்டியின் அடி மாதிரி இருந்தது. நிழல் இல்லை. மில்லுக்கு அன்று விடுமுறை, சங்கும் இல்லை. கல்கத்தாக்காரரின் ஏஜெண்டு குடையோடு வந்து நின்றார். துணியைத் தொட்டியில் இறக்கினோம். மாமாவின் கை மடியில் வெற்றிலையைத் தேடியது.

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் முதலாளி. "துணி உள்ள போன மணியச் சொல்லு. நாப்பது நிமிசங் கழிச்சு எடுக்கணும். அவ்வளவுதான்."

மாமா வாட்சைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற என்னிடம் கையை நீட்டினார்.

"கண்ணுல பவுடர் பட்டுருச்சு சாமி. மணி என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அவர் கண்ணில் ஒன்றும் இல்லை. வாட்சு என் மூக்குக்கு நேராக இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

"உங்க வாட்சு. நீங்களே பாருங்க மாமா. பாக்கத் தெரியும்ல?"

மாமா நீட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, "ஒம்பதரைங்க முதலாளி" என்றார். முதலாளி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மூணரைன்னு காட்டுது கன்னையா."

ஏஜெண்டுதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். நான் எல்லாரையும்விடச் சத்தமாக. நல்லான் தன் கையைப் பார்த்து "பத்து மணி இருவது நிமிசமுங்க" என்றான். அன்றைக்கே அவன் மேஸ்திரி. அவன் நேரம் சொல்லி எடுத்த துணி நன்றாகவே வெளுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாமா மழைக்காலம் முழுக்கத் தொட்டியில் நின்றார். இப்போது இரண்டு கையும் தண்ணீருக்குள். பவுடரில் வாட்சின் தங்கம் போய் உள்ளே ஈய நிறம் வந்தது. மார்கழியில் வலது காலில் மூன்று விரலை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. நாங்கள் வேறு ஆளைக் கேலி செய்யத் தொடங்கினோம். ஆனால் அந்த ஆள் மாமா அளவுக்கு வாய்க்கவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அவர் ஊட்டுக்குப் போனேன். சும்மா அந்தப் பக்கம் போனவன்தான். கையில் இரண்டு கட்டு வெற்றிலை இருந்தது, அதுவும் சும்மாதான். மயிலாள் அத்தையின் காதில், கம்மல் இருந்த ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க, ஈர்க்குச்சி செருகியிருந்தது. நான் அதைப் பார்க்காமல் உள்ளே போனேன். மாமா சன்னல் பக்கம் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். வாட்சு கையிலேயே இருந்தது.

"மாமா, ஏலத்துல ஏத்திக் கேட்டது நாந்தானுங்க," என்றேன்.

"தெரியுமே கண்ணு. பண்ணையக்காரன் எவன் தூணுக்குப் பொறகால ஒளிஞ்சு நின்னு கேப்பான்?" வெற்றிலையைக் கிள்ளி மோந்தார். "அது போவுது. அன்னைக்குக் கையை நீட்டினனே, ஏன் சாமி சொல்லல?"

"வேணும்னேதானுங்க."

"வேணும்னேவா?"

"ஆமாங்க. நீங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறதப் பாக்கலாம்னு."

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு அன்று போலவே கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"செரி. இப்ப யாருமில்ல. மணி என்னன்னு சொல்லு பாக்கலாம்."

நான் வாட்சின் மேல் குனிந்தேன். முடிந்தவரை நிதானமாகப் பார்த்தேன். நடுவில் கண் ஒரு தடவை சன்னல் வெயிலுக்குப் போய்வந்தது.

"நாலே காலுங்க."

"கரெட்டு," என்றார் மாமா. "சன்னல்ல வெயில் அந்தச் செங்கல்லுக்கு வந்தா நாலே கால்தான். வாட்சு நின்னு மூணு நாளாச்சு கண்ணு. உனக்குந் தெரியாதா?"