மாடி வீட்டு நீச்சல்காரி

மயிலாப்பூரில் எங்காத்து மாடியில் குடியிருந்த பெண் ஒரு குட்டித் தீவு நாட்டுக்காரி. நாட்டின் பேரைச் சொல்ல மாட்டேன். அவ்வளவு சின்ன தேசத்தில் நீச்சல்காரி என்றாலே யார் என்று தெரிந்துபோகும். படிக்க வந்தவள். விடியற்காலையில் பறக்கும் ரயிலைப் பிடித்து வேளச்சேரி நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு அப்புறம்தான் காலேஜ். மாடியில் மீன் சமைக்கக் கூடாது என்று நான் போட்ட கண்டிஷனை ஒருநாளும் மீறினதில்லை. வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து, வஞ்சிரம் எவ்வளவு ருசி என்று எனக்கு வர்ணித்து வெறுப்பேற்றுவாள். தமிழ் கற்றுக்கொண்டது குளத்தில் கூட நீந்துகிற பெண்களிடம். அதனால் நாங்கள் பேசுகிற தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும்.

பல தேசங்கள் கூடுகிற பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அவள் நாட்டிலிருந்தும் ரொம்ப காலமாக ஆள் போகிறார்களாம். கொடி பிடிக்க ஒருத்தர், பின்னால் நாலு பேர். இதுவரை ஒரு வெண்கலம்கூடக் கிடையாது. நீச்சலில் முதல் சுற்றைத் தாண்டினவரும் கிடையாது. அவள் அம்மாவும் ஒரு காலத்தில் அப்படிப் போய், முதல் சுற்றோடு திரும்பினவள்தான். ஆனால் அன்றைக்கு அந்த அம்மா நீந்தின நேரம்தான் இன்றுவரை நாட்டு ரெக்கார்டு. இந்தத் தடவை பெண்ணுக்கு வாய்ப்பு வந்தது. அம்மாவின் நேரத்தை முந்தணும், வேறெதுவும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிண்டால்தானே! மெடலோடு வாடி என்று திருஷ்டி சுத்திப் போட்டு அனுப்பிவைத்தேன்.

போட்டி அன்று மத்தியானம் என் ஆத்துக்காரர் மொபைலில் வந்த நேரடி ஒளிபரப்பை டிவியில் போட்டார். எதிர் வீட்டு மாமியும் வந்து உட்கார்ந்தாள். எட்டுப் பேர் குதித்தார்கள். நம்ம பெண் எட்டாவது. மற்றவர்கள் சுவரைத் தொட்டு, கண்ணாடியைக் கழற்றி, மூச்சும் வாங்கியாச்சு. இவள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அணைச்சுடுங்கோ என்றேன். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பிளஸ் டூவில் மார்க் குறைந்த பிள்ளை வீட்டுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், மார்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு வருவோம். அவள் திரும்பி வந்த அன்றும் அப்படித்தான் மாடி ஏறினோம். தித்திப்பு எடுத்துப் போனால் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகுமே என்று வெறும் காபி மட்டும். ஆனால் மாமிக்கு வாய் சும்மா இருக்குமா?

"போனாப் போறதுடி கொழந்தே, உடம்பு நன்னா இருந்தாப் போறும்" என்றாள்.

பெண் திருதிருவென்று முழித்தாள். விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் நேரத்தை முந்திவிட்டாளாம்! நாங்கள் டிவியை அணைத்த பிறகுதான் நேரமே திரையில் வந்திருக்கிறது. ஊரில் அவளுக்கு ஊர்வலமாம், பாட்டாம், விருந்தாம். நாங்கள் மட்டும் இழவு கேட்கிற மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. யார் முதலில், யார் கடைசியில் என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத ஜன்மங்கள் நாங்கள்.

ஏதாவது பேசிச் சமாளிக்க வேண்டாமா? இத்தனை வருஷம் அம்மா பேரில் இருந்த ரெக்கார்டு கைவிட்டுப் போச்சே, மகளே ஆனாலும் மனசு ஒரு ஓரத்தில் வலிக்காதா என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா போன்ல அழுதுச்சு ஆன்ட்டி. சந்தோஷத்துல. என் ரெக்கார்டு அப்படியே கீதுன்னா, எனக்கப்புறம் நம்ம நாட்டுல யாருமே வரலன்னுதானே அர்த்தம், இத்தினி வருஷமா நான் அங்க ஒண்டியா நின்னுக்கினு இருந்தேன்னு சொல்லிச்சு."