சதுரக் காட்டுக்கு ஓர் உறை

என் கலியாணத்தில் நானாக எடுத்த ஒரே முடிவு, அழைப்புக் காட் சதுரமாக இருக்கவேண்டும் என்பதுதான். பொம்பிளையை அம்மா பார்த்தார். நாளைச் சாத்திரியார் பார்த்தார். சமையலுக்கு ஆளை அத்தான் பிடித்தார். எனக்கென்று மிஞ்சிக் கிடந்தது காட்டின் வடிவம் ஒன்றுதான். அதிலும் பிழை விட்டேன்.

அப்போது நான் நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியர். வட்டக்கச்சியில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டி படுக்கையோடு நாங்கள் வந்து சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வாய்க்கால் எத்தனை அடி அகலம், வரம்பு எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்பதெல்லாம் என் அளவுநாடா சொன்னபடிதான். இரண்டு பேர் வரம்புக்குச் சண்டை பிடித்தால் நடுவில் போய் நாடாவை இழுப்பவன் நான். ஆகவே, அளவு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் வேலை செய்த கூட்டாளி ஒருவனின் கலியாணக் காட் ஒருநாள் சதுரமாக வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அடிப்பது நீட்டுக் காட். அந்தச் சதுரத்தைப் பார்த்தபின் நீட்டுக் காட்டெல்லாம் எனக்கு பஸ் ரிக்கற் மாதிரித் தெரிந்தது. வவுனியாவுக்கு ரயிலேறி, அச்சகத்தில் போய் நின்றேன்.

அச்சகக்காரர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சதுரமாய் அடிக்கலாம் தம்பி. உறைக்கு என்ன செய்யப்போறீர்?"

"முதலிலை காட்டை அடியுங்கோ அண்ணை. உறையைப் பிறகு பாப்பம்."

"தொப்பியை வாங்கிப்போட்டுத் தலை தேடப்போறீர் எண்டுறன்."

ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், இருநூறு காட். இடப்பக்கம் என் பெயர், வலப்பக்கம் பொம்பிளையின் பெயர், நடுவில் முகூர்த்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டை அவிழ்த்தபோது அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. எதுக்குள்ளை வைக்கிறது?"

வீட்டில் அக்காவின் கலியாணத்துக்கு வாங்கி மிஞ்சிய நீட்டு உறைகள் கொஞ்சம் இருந்தன. காட்டை மடித்தால் வைக்கலாம். ஆனால் நெடுக்காக மடித்தால் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் நடுவே கோடு விழும். குறுக்காக மடித்தால் சுபமுகூர்த்தம் இரண்டாகும். அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "உறை சரிவரும்வரைக்கும் நான் ஒரு மூலையிலையும் மஞ்சள் பூசமாட்டன்" என்று மஞ்சள் கிண்ணத்தைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

பிறகு, குரலைத் தாழ்த்தி, "அண்ணை இந்தமுறையும் வராட்டி எனக்கு இந்தக் கலியாணமும் அரைக் கலியாணம்தான்" என்றார்.

அண்ணை என்றது என் மாமாவை. முல்லைத்தீவில் இருந்தார். கரையோரத்துத் தபால் கந்தோர்களில் முப்பது வருஷம் வேலை பார்த்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவர். ஏழு வருஷமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்குக் காரணமும் ஓர் உறைதான்.

அக்காவின் கலியாணக் காட்டுகளை உறையில் போடும் வேலை அப்போது என்னிடம் தரப்பட்டது. கலியாண உறையை ஒட்டுவதில்லை. மூடியை உள்ளே செருகிவிடுவதுதான் வழக்கம். ஒட்டிய உறை அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும், வழக்கு நடக்கும் கோட்டிலிருந்து வரும். எனக்கு அது தெரியாது. மாமாவுக்குப் போகிற காட் பத்திரமாகப் போகட்டும் என்று, கோதுமை மாவில் பசை காய்ச்சி, மூடி முழுக்கத் தாராளமாகப் பூசி ஒட்டினேன். பசை உள்ளே வழிந்து காட்டையும் பிடித்துக்கொண்டது. மாமா திறந்தபோது உறையோடு காட்டும் கிழிந்தது. அக்கா ஒரு துண்டில், அத்தான் ஒரு துண்டில்.

கிழிந்த காட்டை வைத்துக்கொண்டு நல்ல காரியத்துக்கு எப்படி வருவது என்று மாமா எழுதிக் கேட்டிருந்தார். அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். பதில் எழுத அம்மா திகைத்துக்கொண்டிருந்தபோது, நான்தான் பக்கத்தில் நின்று, "தபாலிலை கிழிஞ்சிருக்கும் எண்டு எழுதுங்கோ அம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மாவும் நம்பி எழுதினார். முப்பது வருஷம் ஒரு கடிதத்தின் மூலைகூட மடங்க விடாத மனிசனுக்கு! மாமா கலியாணத்துக்கு வரவில்லை. வாழ்த்துத் தந்தி மட்டும் வந்தது.

உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டாகியிருந்தது.

ஆகவே மறுபடி வவுனியா. இந்தமுறை உறைக்கு மட்டும். முதல் கடையில் பழுப்பு நிற நீட்டு உறைகள்தான் இருந்தன. இரண்டாவது கடையில் சதுரம் இருந்தது. ஆனால் ரோசாப்பூ நிறம், மூலையில் ஒரு பூ, உள்ளங்கை அளவு. "இது வேறை தேவைக்குத் தம்பி" என்று கடைக்காரர் சிரித்தார். மூன்றாவது கடையில் நல்ல பெரிய சதுர உறை, தடித்த வெள்ளைத் தாள். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கரையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. செத்த வீட்டு உறை.

"மஞ்சளைக் கொஞ்சம் கூடப் பூசினால் தெரியாது தம்பி" என்றார் அந்தக் கடைக்காரர்.

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நாலாவது கடையில், ஏணி வைத்து மேல் தட்டில் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார்கள். வெள்ளைச் சதுர உறை. மூடியில் மட்டும் ஒரு சின்ன நீல நட்சத்திரம்.

"கரையோரத்து வேதக்காரச் சனம் யேசு பிறந்த நத்தாருக்கு வாங்கிறது. போன வருஷத்து மிச்சம்" என்றார் கடைக்காரர்.

"நட்சத்திரம் நல்லதுதானே அண்ணை. எங்களுக்கு இருபத்தேழு கிடக்கு."

"எத்தினை அங்குலம் வேணும்?"

"அஞ்சுக்கு அஞ்சு."

"காட் கொண்டு வந்தனீரோ? ஒருக்கா வைச்சுப் பாப்பம்."

"நான் ஓவசியர் அண்ணை" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கோலை வைத்துக் காட்டினார். சரியாக ஐந்துக்கு ஐந்து. ஒரு நூல்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. இருநூறும் வாங்கிக்கொண்டு ரயிலில் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

வாய்ப்பாட்டில் ஐந்துக்குள் ஐந்து ஒருதரம் போகும். உறைக்குள் போகாது. அம்மாவுக்கு முன்னால் நான் காட்டைச் செருக, அது முக்கால்வாசி போய் நின்றுகொண்டது. அமத்தினேன். உறையின் பக்கம் வெடித்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் வெடித்தது.

அம்மா வெடித்த இரண்டு உறைகளையும் பொறுக்கி வைத்துவிட்டு, "இவன் அளந்த வாய்க்காலிலைதான் எங்கடை வயலுக்குத் தண்ணி வருது" என்று பொதுவாகச் சொன்னார்.

நாள் கிட்டிவிட்டது. முதல் காட்டைப் பிள்ளையாருக்கு வைத்தோம். அவர் உறை கேட்கவில்லை. இரண்டாவது மாமாவுக்குப் போகவேண்டும். தபாலில் போடுகிற கதைக்கே இடமில்லை. வெற்றிலை பாக்கோடு ஒரு காட்டை எடுத்துக்கொண்டு, பரந்தனில் பஸ் மாறி, முல்லைத்தீவில் இறங்கினேன். வழியெல்லாம் அந்தக் காட்டை உறைக்குள் தள்ளிப் பார்த்தேன். இடுப்பளவு போனது, அதற்குமேல் போகவில்லை.

மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும், "ஓ, ஓவசியர் ஐயா" என்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமிதான் உள்ளே இருந்து, "வாங்கோ தம்பி, இருங்கோ. தேத்தண்ணி ஊத்திறன்" என்றா.

வெற்றிலைத் தட்டத்தை நீட்டினேன். மாமா வெற்றிலையைப் பார்க்கவில்லை, காட்டையும் பார்க்கவில்லை. கண் நேராக உறைக்குப் போனது. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"நத்தாருக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு."

நான் தட்டத்தை மேசையில் வைத்தேன்.

"பாதி உள்ளுக்கு, பாதி வெளியிலை. குளிச்சுப்போட்டுச் சாரத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆள் மாதிரி." உறையைத் திருப்பினார். "பக்கமும் வெடிச்சிருக்கு. இதுவும் தபாலிலை நடந்ததோ?"

பதில் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. பஸ்ஸில் கிழிந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அலுமாரிக்குள் கிடக்கும் மஞ்சள் கிண்ணம் ஞாபகம் வந்தது.

"இல்லை மாமா. நான்தான். பிழையாய் அளந்து வாங்கிப்போட்டன். அக்காவின்ரை காட்டும் தபாலிலை கிழியேல்லை. நான்தான் மாப்பசை போட்டு ஒட்டினனான். தபாலிலை எண்டு எழுதச் சொன்னதும் நான்தான். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது."

மாமா கதிரையில் நிமிர்ந்தார். எனக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். இருபத்தெட்டு வயதில் அடி வாங்கினால் ஓடுவதா, நிற்பதா என்பது ஒரு பிரச்சினை.

"இஞ்சை வாவன்!" என்று குசினிப் பக்கம் சத்தம் போட்டார். "கள்ளன் ஏழு வருஷத்துக்குப் பிறகு தானாய் வந்து பிடிபட்டிருக்கிறான்!"

மாமி தேத்தண்ணியோடு வந்து, "அப்ப தபாலிலை பிழையில்லையோ?" என்றா.

"எப்ப பிழை இருந்தது?" என்று மாமா அவவைப் பார்த்து அதட்டினார். அதட்டலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு எழும்பிப் போய் கத்தரிக்கோலும் அடிக்கோலும் எடுத்துவந்தார். என் நட்சத்திர உறையின் ஒட்டுகளைப் பிரித்து, மேசையில் விரித்து, தடவி விட்டார். பக்கத்துக்குக் கால் அங்குலம் கூட்டிப் பென்சிலால் கோடு போட்டார்.

"எத்தினை காட்?"

"இருநூறு மாமா."

"கடையிலை நல்ல தாள் வாங்கிக்கொண்டு வா. ஒரு சொட்டு மாவும் நீ தொடக்கூடாது."

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் வாசலில் சைக்கிள் ஒன்று நின்றது. கிளிநொச்சிச் சந்தியில் யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிள். பின்னுக்குக் கட்டிய பார்சல், அதன்மேல் தபால் கந்தோர் முடிச்சு. அம்மா முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உறை கொண்டந்தனான்" என்றார் மாமா, ஏழு வருஷத்துக்குப் பிறகு. அம்மா உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்று பின்னேரம் அண்ணனும் தங்கச்சியும் எதிரெதிரே இருந்து, ஒருவர் மூலைக்கு மஞ்சள் பூச, மற்றவர் உறையில் வைத்து மூடியைச் செருகினார்கள். மாப்பசைக் கதையை மாமா சொல்லிவிட்டார் போல, என்னைக் கிட்ட வரவிடவில்லை.

கலியாணத்தன்று வாழ்த்துச் சொல்ல மாமா மணவறைக்கு வந்தார். என் கையில் ஒரு சதுர உறையைத் தந்தார். நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. மாப்பசை, தாராளமாக.

"இப்பவே திற மருமோன்" என்றார்.

எவ்வளவு கவனமாகத் திறந்தும் உள்ளே இருந்த தாள் உறையோடு சேர்ந்து கிழிந்தது. ஒரு துண்டு என் கையில், மற்றத் துண்டு பொம்பிளையின் மடியில். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வாசித்தோம். "இப்ப விளங்குதோ?" என்று வடிவான தபாலதிபர் எழுத்து.

மாமா குனிந்து, ஒன்றும் தெரியாதவர் போல், "அடடா, என்னெண்டு கிழிஞ்சது?" என்றார்.

"தபாலிலை கிழிஞ்சிருக்கும் மாமா."

பின்னால் நின்ற அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.