மணியில் வெட்டிய தந்தி

ஆத்தப்பன் வாயைத் திறந்தால் பொய். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் இருநூற்று நாற்பது பேரும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, டீ நேரத்தில் அவரைத் தேடிப்போய் இன்னொரு பொய் கேட்டுவிட்டு வருவார்கள்.

நல்லூரில் இருக்கும் எங்கள் ஏற்றுமதி பனியன் கம்பெனியின் கேட்டில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அவர். வயது எழுபத்து நான்கு. பாலைவனத்தில் ஓர் ஒட்டகம் தினமும் காலையில் தனக்கு சல்யூட் அடித்தது, ஒரு கர்னலின் மீசையைப் பந்தயத்தில் ஜெயித்தது, எல்லைக்கோட்டில் அடுப்பு வைத்து இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் ஒரே பாத்திரத்தில் டீ போட்டது என்று அவரிடம் சரக்கு தீர்ந்ததே இல்லை. பீகாரிலிருந்து வந்த தையல்காரர்களுக்கு இதையே பட்டாளத்து இந்தியில் எடுத்துவிடுவார். மொழி மாறியும் அவர்கள் நம்பவில்லை.

இந்த வரிசையில் ஒரு தோள் கதையும் உண்டு. 1971 சண்டையில் பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறி, ஒரு துண்டு இடது தோளில் ஏறிவிட்டதாம். எடுத்தால் கை போய்விடும் என்று டாக்டர்கள் அப்படியே விட்டுவிட்டார்களாம். மீசை, ஒட்டகம் இவற்றோடு சேர்த்து இதையும் சிரித்துத் தள்ளினோம்.

நான் சித்ராதேவி, அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் குறை சொன்னால் ஆதாரம் காட்டி மறுப்பதும்தான் என் பிழைப்பு. பதினெட்டு வருடம் இதைச் செய்ததில் காகிதம் இல்லாத எதையும் நம்பாத கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் காய்கறி வாங்கி வந்தாலும் பில் எங்கே என்று கேட்பேன்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் ஆத்தப்பன் என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போரில் காயம்பட்டவர்களுக்குப் பதக்கம் உண்டாம், அதைக் கேட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித்தர வேண்டுமாம். அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லையாம், உயிரோடு திரும்பியதே போதும் என்று இருந்துவிட்டாராம். ஏதாவது பணம் வருமா என்று கேட்டேன். சல்லிக்காசு வராது என்றார்.

"அப்புறம் எதுக்குங்கய்யா இந்த வயசுல?"

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "எம்பட சம்சாரம் நம்போணும் கண்ணு" என்றார்.

அவர் மனைவி ரங்காத்தாளை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நாற்பத்தொன்பது வருடமாக ரங்காத்தாளின் கணக்கில் அந்தத் தோள் தழும்பு தென்னை மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது. அவருக்கு அப்படிச் சொன்னவர் ஆத்தப்பனின் அம்மா மருதம்மாள்.

அதுதான் சிக்கலே என்று ஆத்தப்பன் பழைய கதையைச் சொன்னார். 1975இல் அப்பா இறந்துபோனதும் ஆத்தப்பன் பட்டாளத்தை விட்டுப் பெருமாநல்லூர்ப் பக்கமுள்ள தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். அடுத்த வருடம் பெண் பார்த்தார்கள். உடம்புக்குள் இரும்பை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று மருதம்மாளுக்குப் பயம். தழும்பு என்ன என்று பெண் வீட்டார் கேட்டபோது, சின்ன வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்தான் என்று சொல்லிவிட்டார். மருதம்மாளோ மோரில் தண்ணீர் கூடிப்போனால் கூடிப்போச்சு என்று சொல்லி விற்கும் ஆள். அந்த ஒரு பொய்யைத் தவிர அவர் வாயில் வேறு பொய் வந்ததில்லை. ஆத்தப்பன் வாயிலோ அந்தத் தோள் கதை ஒன்றைத் தவிர வேறு நிஜம் வந்ததில்லை. ரங்காத்தாள் யாரை நம்புவார்? நானாக இருந்தாலும் மாமியாரைத்தான் நம்பியிருப்பேன். மருதம்மாள் திருத்திச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தும் இருபது வருடமாகிறது.

சரி, காகிதத்தைக் கொடுங்கள் என்றேன். பட்டாளத்தை விட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றார். ஹோம்வொர்க் நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று என் மகள் ஒரு தரம் சொன்னாள். அவளை நம்பிய அளவுக்குத்தான் இவரையும் நம்பினேன். ஆனால் பட்டாள எண்ணை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதை வைத்து ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இந்த எண்ணில் ஆத்தப்பன் என்பவர் 1969இல் சேர்ந்து 1975இல் விலகியது பெயர்ப் பதிவேட்டில் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் மற்ற ஆவணங்கள் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. காயம் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. சம்பவக் காலத்து ஆவணம் ஏதேனும் இருந்தால் அனுப்பவும். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், அவர் பட்டாளத்தில் இருந்ததே நிஜம் என்பதுதான்.

எக்ஸ்ரே எடுத்து அனுப்பினோம். தோளில் ஓர் உலோகத் துண்டு இருப்பது தெரிகிறது, அது எப்போது, எப்படி அங்கே வந்தது என்பது தெரியவில்லை என்று பதில் வந்தது. அதே எக்ஸ்ரேயை ரங்காத்தாளிடமும் காட்டினாராம். எலும்பு முறிந்தபோது வைத்த ஆணியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் கொத்தமல்லி ஆயப் போய்விட்டார்.

இந்த இடத்தில் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு சாம்பிள் திரும்பி வந்தால் யாரும் தலையில் கைவைத்து உட்காருவதில்லை. என்ன குறை என்று பார்த்து மறுபடி அனுப்புவோம், ஏழு தரம்கூட அனுப்பியிருக்கிறோம். ஆத்தப்பனை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். கூட இருந்த சிப்பாய் யாராவது? ராஜபாண்டி என்று ஒருவர், செத்துப்போய்விட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டு? இல்லை. வீட்டுக்குத் தகவல் எப்படி வந்தது? தந்தி வந்தது.

"தந்தி எங்கீங்கய்யா?"

"அது பாத்திரக்காரங்கிட்டப் போயிருச்சு கண்ணு."

மகன் பிழைத்தால் தன் பிறந்த ஊரான கொமரலிங்கத்து மாரியம்மனுக்கு வெண்கல மணி கட்டுவதாக மருதம்மாள் வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து மகன் கைப்பட எழுதிய கடிதம் வந்ததும் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் மணிக்குச் சொன்னார். பெயர் வெட்ட வேண்டுமே. எழுதப் படிக்கத் தெரியாதவர், மகன் பெயர் இதில் இருக்கிறது என்று தந்தியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தந்தி திரும்பி வரவில்லை. மணி மட்டும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு உடனே கோயில் டியூப்லைட் ஞாபகம் வந்தது. நம் ஊரில் இருபது வாட்ஸ் விளக்கு ஒன்று கொடுத்தாலும் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு உபயம் என்று பெயரும் தேதியும் எழுதுகிறவர்கள் நாம். மணியில் பெயரோடு 1972 என்று ஒரு வருடமாவது இருந்தால் அதுவும் ஓர் ஆவணம்தான். என்ன வெட்டியிருக்கிறது என்று கேட்டேன். மணி பத்தடி உயரத்தில் தொங்குவதால் கயிற்றைத்தான் பிடித்திருக்கிறாராம், எழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடுமலை பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர். ரங்காத்தாளும் வந்தார். அம்மனைக் கும்பிட வருவதாகச் சொன்னார். புருஷன் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். வழியெல்லாம், அந்தத் தென்னை மரம் இன்னும் இருக்கிறதா, அதற்கு ஒரு பதக்கம் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆத்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்பவர் சுப்பண்ணன், மருதம்மாளின் அண்ணன் மகன். அந்த மணியில் இங்கிலீஷில் ஏதோ இருக்கிறது, பட்டறையின் பெயர் என்று நினைத்தோம் என்றார். ஏணி கொண்டுவந்து சாத்தினார். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு. ஊறவைத்த புளியைத் துணியில் வைத்துத் தேய்த்தேன்.

முதல் வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தியத் தபால் தந்தி இலாகா" என்று இருந்தது. அந்தப் பாத்திரக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. தந்தியில் எது பெயர், எது ஊர் என்று தெரியாததால், எதற்கு வம்பு என்று மேலிருந்து கீழ்வரை கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டார். ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. ஓரத்தில் தபால் ஆபீஸின் வட்ட முத்திரையையும் வட்டமாகவே வெட்டி, உள்ளே 1971 டிசம்பர் என்று தேதியையும் போட்டிருந்தார்.

அடுத்த வரிகளுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஏணியில் நின்றபடியே தமிழில் படித்தேன். பெறுபவர் மருதம்மாள். அதன்கீழ் ஆத்தப்பனின் பட்டாள எண், அவர் தூக்கத்தில் சொல்லும் அதே எண். "சிப்பாய் ஆத்தப்பன் டிசம்பர் பதினான்காம் தேதி எதிரியின் குண்டுவீச்சில் தோளில் பலத்த காயம் அடைந்தார். ராணுவ மருத்துவமனையில் நினைவின்றி இருக்கிறார். நிலைமை கவலைக்கிடம்."

கீழே நின்ற ரங்காத்தாள் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். தேதியை மட்டும் இன்னொரு தரம் கேட்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அப்ப ரொம்ப வலிச்சுதுங்களா?"

எதற்கும் ஒரு கதை வைத்திருக்கும் மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வலிச்சுது அம்மிணி. பனிக்காலத்துல இன்னும் வலிக்குது."

ரங்காத்தாள் அழுதார். ஒவ்வொரு மார்கழியும் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்க்கும்போது, எந்த மடையன் உங்களை மரம் ஏறச் சொன்னான் என்று திட்டிக்கொண்டே தேய்த்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஏணியை விட்டு இறங்கவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எம்மாமியாளும் பொய் சொல்லியிருக்குது பாருங்க" என்று ரங்காத்தாளே முதலில் சிரித்தார். அந்தப் பொய் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டிருக்கவே மாட்டேன் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை ஆத்தப்பன் என் மேசைக்கு வந்து, வேலை முடிந்துவிட்டது, இனி பதக்கம் எதற்கு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏணி ஏறியது யார் என்று கேட்டேன். ஆர்டரைப் பாதியில் விடுவது எங்கள் தொழிலில் கிடையாது. ரங்காத்தாளும் என் கட்சி. துணி வெட்டும் மேசையில் விரிக்கும் தாளைக் கையோடு கொண்டுபோய், கோயிலிலேயே மணியைச் சுற்றி வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதோடு நாலு பக்கமும் எடுத்த போட்டோ, சுப்பண்ணன் எழுதிக்கொடுத்த சான்று, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். ஓர் அதிகாரி போன் செய்து, நகல் வந்தது, ஒரிஜினல் தந்தியை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். ஒரிஜினல் நாற்பது கிலோ சார், கோயிலில் தொங்குகிறது என்றேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. எண்ணும் பெயரும் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன, மேலிடத்துக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஆறு மாதம் கழித்து, இந்த வைகாசியில், ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கம் கூட்டம் கூடியிருந்தது. எட்டிப் பார்த்தேன். நடுவில் ரங்காத்தாள். பதிவுத் தபாலில் பதக்கம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று ரிப்பனோடு எடுத்துத் தன் சேலைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு வந்துவிட்டார். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் பத்து நிமிட நடை. வழியில் டீக்கடை, நூல் கடை, மெஸ் என்று ஓர் இடம் விடாமல் நின்று சொல்லிக்கொண்டு வந்ததில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. டீக்கடையில் ஒரு துண்டாக இருந்தது நூல் கடையில் இரண்டாகி, எங்கள் கேட்டுக்கு வந்தபோது நான்காகிவிட்டது. நாலு குண்டுத் துண்டைத் தோளில் வாங்கிக்கொண்டு அவர் இரண்டு மைல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று தையல்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஆத்தப்பன் நெளிந்தார். மனைவியின் காதருகே குனிந்து, "ஒரு துண்டுதான் அம்மிணி" என்றார்.

"நெனப்பில்லாமக் கெடந்த ஆளுக்கு எத்தனைன்னு எப்படீங்க தெரியும்? நீங்க சும்மா இருங்க" என்றார் ரங்காத்தாள்.

ஆத்தப்பன் சும்மா இருந்தார்.