நாலாவதாகப் போன சிலாப்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. சேலத்தில் எங்கள் வார்டின் பகுதி சபையில் என்னையும் ஓர் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். நாலைந்து தெருக்காரர்கள் கூடி சாக்கடை, தண்ணீர், விளக்கு என்று குறைகளைச் சொல்லும் கூட்டம் அது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பட்டியல் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எத்தனை குறைகள் எழுதினாலும் மாநகராட்சியில் முதல் மூன்றுதான் உடனே நடக்கும். நாலாவது அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். இது உறுப்பினர்களுக்குத் தெரியும். பேச வருகிறவர்களுக்குத் தெரியாது.

அன்று பின்சந்திலிருந்து விசைத்தறி ஓட்டும் ஒரு பெண் வந்திருந்தார்.

"அக்கா, சாக்கடை சிலாப் உடைஞ்சு கெடக்குதுங்க. மழை வந்தா தண்ணி ரொம்பி, குழி எங்கன்னே தெரியாதுங்க" என்றார். மூன்றாவதாக எழுதிக்கொண்டேன்.

வீட்டில் சுத்தப் பிரதி எழுதும்போதுதான் என் புத்தி கெட்டது. அந்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண் பார்க்க வந்தபோதே வாழப்பாடி சம்பந்தி வீட்டார் எங்கள் தெரு தெரியாமல் அரைமணி நேரம் சுற்றிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். அதனால் தெருப் பெயர்ப்பலகையை மூன்றாவதாக்கி, சிலாப்பை நாலாவதாக எழுதினேன். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும் என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

பலகை வந்தது. நிச்சயதார்த்தமும் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் பெய்த மழையில், காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய அந்தப் பெண் குழிக்குள் விழுந்துவிட்டார். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்கப்புறம் ஓடி வந்து சிலாப் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் பார்க்கப் போனேன். அதுவரை தைரியம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாள் முழுக்க நின்று தறி ஓட்டியவரால் இனி நிற்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நீங்க சொல்லித்தானுங்க அக்கா இப்பவாச்சும் மூடுனாங்க. இல்லீன்னா இன்னொருத்தரும் உழுந்திருப்பாங்க. நீங்க நல்லா இருக்கோணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். உண்மையை இன்னும் சொல்லவில்லை. அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் எப்படியாவது ஆறியிருப்பேன். வாழ்த்திவிட்டாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.