சாப்பாட்டுக்குப் பின் வரும் ரயில்

கைகளில் நீலத் திட்டுகள் தெரிந்தபோது சேலைக் கட்டுகளைத்தான் சந்தேகித்தேன். கண்டி நகரில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடமாக வேலை. சேலைகளை இறக்குவது, விரிப்பது, ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது, மறுபடி மடிப்பது. எங்காவது இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்த பிறகே பயந்தேன்.

லுகேமியா (இரத்தப் புற்றுநோய்) என்றார்கள். பேராதனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் சேர்த்தார்கள். கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) நல்ல அணுக்களையும் விட்டுவைப்பதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துபோனதால் பார்க்க வருகிறவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். எங்கள் ஊர் கடுகண்ணாவையிலிருந்து வரும் என் கணவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை.

இதே நோயோடு படுத்திருக்கும் யாராவது இதைப் படிக்கலாம். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். வாய்ப்புண்ணையும் காய்ச்சலையும் தாங்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லாததைத் தாங்க முடியவில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதனிடம்கூடப் பேசிப் பார்த்தேன். அதுவும் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

முதல் சுற்று முடிந்து இரண்டாவதற்கு நாள் குறித்தபோது எனக்கு வெறுத்துவிட்டது.

"வேணாம் டொக்டர். என்னைய வீட்டுக்கு அனுப்பிருங்க."

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கோபப்படாமல் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கட விருப்பமில்லாமல் தொடங்கமாட்டம் அக்கா. ஆனா இப்ப நிப்பாட்டினா இந்த வருத்தம் திரும்பி வரும், அதுக்குப் பிறகு சுகப்படுத்துறது கஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்கோ. நாளைக்கு வாறன்."

அன்று மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போன பிறகு ஒரு ரயில் கூவியது. தினமும் கூவியிருக்கும், அன்றுதான் காதில் விழுந்தது. எங்கள் வீட்டின் பின்வாசலை ஒட்டித்தான் ரயில் பாதை. அங்கே யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. காலை ரயிலுக்கு உலை வைப்பேன், மாலை ரயிலுக்கு விளக்கேற்றுவேன். இடைப்பட்ட பகலெல்லாம் கடையில்தான்.

கண்ணை மூடி அந்த ரயிலில் ஏறிக்கொண்டேன். ஜன்னலோரம் இடம் பிடித்தேன். பேராதனைச் சந்தி, பிலிமத்தலாவை, அப்புறம் எங்கள் பலாமரம், துணி காயும் கொடி, பின்வாசல். ஒரு கணமும் தவறவிடாமல் போனேன். போய்ச் சேர்ந்ததும் கணவரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏங்க, இப்ப நம்ம வீட்டுப் பின்னால ரயில் போச்சா?"

பதிலுக்கு முன் எதையோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. வீட்டிலேயே ரேடியோ பழுது பார்ப்பவர், கையில் ஏதோ வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

"போச்சே. இப்பதான்."

"அதுலதான் நான் வந்தேன். நாளைக்கும் வருவேன், பின்வாசல்ல நின்னு கை காட்டுங்க."

"சரி, நிக்கிறேன்."

மறுநாள் டாக்டரிடம் மருந்தைத் தொடங்கச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்குப் போக ஒரு ரயில் இருந்தது, அவ்வளவுதான். சில நாட்கள் காய்ச்சலில் பிலிமத்தலாவையோடு இறங்கிவிடுவேன். மற்ற நாட்களில் பின்வாசலில் அவர் நிற்பார்; போனில் கேட்டால் தினமும் "இப்பதான் போச்சு" என்பார். அதற்காகவே அடுத்த நாளும் கண்விழித்தேன்.

நான்கு சுற்றுகள் முடிந்து, எலும்பு மச்சையில் (இரத்தம் உருவாகும் இடம்) நோய் தென்படவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் சாப்பிட்டதும் பின்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முடியில்லாத தலையில் வெயில் பட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரயில் வரவில்லை.

"என்னங்க, இன்னிக்கு ரயில் லேட்டா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இந்நேரத்துக்கு நம்ம பக்கம் ரயிலே இல்ல. நீ கேட்டது நாவலப்பிட்டிப் பக்கம் போற ரயிலா இருக்கும்."

பேராதனைச் சந்தியில் பாதை பிரிவது தெரியாதவளா நான்? இத்தனை மாதமும் வேறு ஊருக்குப் போகும் ரயிலில் ஏறிக் கொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பின்ன ஏன் தினம் போச்சு, போச்சுன்னு பொய் சொன்னீங்க? பின்வாசல்ல நின்னதும் பொய்தானா?"

"நின்னேன்."

"மழையிலயுமா? ரயில் வராதுன்னு தெரிஞ்சுமா?"

"நீ வந்துக்கிட்டு இருந்தியே."

கதிரையில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு அப்பால் இப்போது நான் எதையும் திட்டமிடுவதில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. கடைக்குத் திரும்புவேனா, தெரியாது. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் கால்கள் தாமாகப் பின்வாசலுக்குப் போய்விடுகின்றன. தண்டவாளம் வெறுமையாகக் கிடக்கும். சற்று நேரத்தில் அவரும் பழுது பார்க்கும் ரேடியோவை அப்படியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். வராத அந்த ரயில் போய் முடிகிற நேரம்வரை நின்றுவிட்டு இருவரும் உள்ளே போவோம்.